இன்று வருகை: இரண்டாயிரம்

மாடியின் பின்வரிசைகளில் ஆள் இல்லை. ஆனால் பெஞ்சு மெத்தைகள் அமுங்கியிருந்தன.

ஹாய்ட் லெட்பெட்டர் படியேறி வந்த இளைப்போடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஆர்கன் முழங்கிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு பலகைத் தரை வழியாக ஏறி அவருடைய பாதம்வரை கூசியது. மெழுகு தேய்த்த மரமும், பெண்கள் பூசி வந்த பவுடரும், பாட்டுப் புத்தகங்களின் பழைய தாளும் கலந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வாசனை அன்றைக்கு மாடியில் மட்டும் கனமாக இருந்தது. பலபேர் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அறையைப் போலப் புழுங்கியது. போன வருடம்தான் எல்லாப் பெஞ்சுகளுக்கும் சிவப்பு வெல்வெட் மெத்தை போட்டார்கள். ஆள் உட்கார்ந்தால் குழியும். எழுந்தால் புஸ்ஸென்று மெல்ல மேலே வரும். இப்போது ஆறாம் வரிசையிலிருந்து கடைசிவரை, யாருமே உட்காராத பெஞ்சுகளில், குழிக்குப் பக்கத்தில் குழியாக, இடைவெளி பிசகாமல் அமுங்கிக் கிடந்தன.

ஒரு குழியில் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

"வெயில் பட்டிருக்கும்," என்று முணுமுணுத்தார். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது.

அவருடைய வேலை எண்ணுவது. அலபாமாவில், ஹார்மன் க்ரீக் பாப்டிஸ்ட் சபையில், இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்த தலைகளை எண்ணுகிறவர் அவர்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகு எண்ணி ஒன்று வைத்திருந்தார். கட்டைவிரலால் ஒரு அழுத்து, டிக், ஒரு தலை. எண்ணி முடித்ததும் நடுப்பாதை வழியாக எல்லாரும் பார்க்க நடந்துபோய், பிரசங்க பீடத்துக்கு இடதுபக்கம் தொங்கும் மரப்பலகையில் எண் அட்டைகளைச் செருக வேண்டும். இன்று வருகை. சென்ற ஞாயிறு. சென்ற ஆண்டு இதே ஞாயிறு. பிரசங்கத்தில் தூங்குகிறவன்கூட அந்தப் பலகையைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டான். திங்கட்கிழமை காலையில் போதகர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டால் முதலில் கேட்பது 'சுகமா?' என்று அல்ல, 'எவ்வளவு?' என்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சபையில் எண்ணூறு என்றால் இங்கே அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை ஞாயிற்றில் நானூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தது. பாஸ்டர் ராய்ஸ் டில்மனின் முகம் அதைப் பார்த்தால் எப்படித் தொங்கிப்போகும் என்று ஹாய்ட்டுக்குத் தெரியும். பாவம் என்று ஐந்நூறாக்கிவிட்டார். வெறும் ஒன்பது தலை. கர்ப்பிணி வந்தால் இரண்டு தலையாகப் போடு என்று சபை நிர்வாகிகளான டீக்கன்மார் கேலி பண்ணுவார்கள். அந்தக் கணக்கில் தள்ளிவிட்டார். அடுத்த வாரம் ஐந்நூறுக்குக் கீழே போகலாமா? கூடாது. ஒன்பது இருபதாகி, இருபது ஐம்பதாகி, இந்த 1974 அக்டோபரில் இருநூறில் வந்து நிற்கிறது. மனைவி மோரீனுக்குக்கூடத் தெரியாது. அவளுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் ஹாய்ட்டின் பெரிய கவலை. நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்று: என் புருஷன் பொய் சொல்லமாட்டார்.

இன்றைக்குத் தொள்ளாயிரத்துப் பதினாலு போடுவது என்று காரில் வரும்போதே தீர்மானித்திருந்தார். ஆனாலும் ஒழுங்காகத்தான் எண்ணினார். கீழ்த்தளம் முடிந்தது. மாடியில் முன்வரிசைகளில் இருபத்துமூன்று பேர். பார்வை அப்படியே பின்வரிசைகள்மேல் போனது. டிக். டிக். டிக். கட்டைவிரல் நிற்கவில்லை. காலிப் பெஞ்சுகளின் மேலே, ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாக, அது தன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டே போனது. மற்றக் கையால் பிடித்துத்தான் நிறுத்தினார்.

எண்ணியைத் திருப்பிப் பார்த்தார். 914.

அடுத்த ஞாயிறு லாரி ஓட்டுகிற எல்டன் ஷார்ப் தாமதமாக வந்தான். ஈஸ்டருக்கு ஒரு தடவை, பெண்டாட்டி கத்துகிற அன்றைக்கு ஒரு தடவை என்று வருடத்துக்கு இரண்டு முறை வருகிற ஆள். வாசலில் நின்று இடம் காட்டுகிற லமார் ப்ரூயிட் அவனைப் பார்த்ததும் முதுகில் ஒன்று வைத்தார்.

"வாய்யா எல்டன், வழி ஞாபகம் இருந்துச்சா? மேல போ. கால நீட்டிப் படுத்தே தூங்கலாம், அவ்வளவு இடம் கெடக்கு."

எல்டன் சிரித்துக்கொண்டே ஏறிப்போய் எட்டாம் வரிசையில் தொப்பென்று உட்கார்ந்தான். குழிந்திருந்த மெத்தையில். ஓரத்தில் எண்ணியோடு நின்றிருந்த ஹாய்ட், "அங்க வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

எல்டன் முதலில் நெளிந்தான். நெரிசலான பஸ்ஸில் பக்கத்து ஆள் மேலே சாய்ந்தால் நெளிவோமே, அப்படி. பிறகு முழங்கையால் எதையோ தள்ளினான். பிறகு இரண்டு கையாலும் மடியிலிருந்த எதையோ தூக்கி எறியப் பார்த்தான். கீழே எழுநூறு பேர் எழுந்து நின்று மூன்றாம் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள்; அந்த இரைச்சலில் அவன் சொன்னது ஹாய்ட்டுக்கு மட்டும்தான் கேட்டது.

"எந்திரிய்யா... யோவ்... மேல உக்காந்திருக்க... எந்திரி..."

அவனுடைய கழுத்து தோளுக்குள் இறங்கியது. தொடைகள் இரண்டும் பெஞ்சின்மேல் மாவுபோலப் பரந்தன. காய்ந்த சோளத்தட்டையை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம் ஒன்று, இரண்டு, பிறகு சேர்ந்தாற்போல நாலைந்து. நெஞ்சுக்கூடு உள்ளே போனது. வாயிலிருந்து சிவப்பு நுரை கிளம்பிச் சட்டைமேல் வழிந்தது. ஒரு கண் வெளியே வந்து கன்னத்தில் தங்கியது. இவ்வளவுக்கும் அவன் சாயவில்லை, சரியவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்கிறவனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

இதயம் வெடித்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். லமாரின் மைத்துனன் சவ அடக்க நிலையத்தில் வேலை பார்க்கிறவன். அவன் சொன்னது வேறு. "தோள்பட்டை ரெண்டும் இடுப்புகிட்ட கெடக்கு, மாமா. வண்டி ஏறின ஒடம்பு கூட இதவிட நல்லா இருக்கும்."

அன்று மத்தியானமே ஹாய்ட் திரும்பி வந்தார். மண்டபத்தில் யாரும் இல்லை. வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த மஞ்சள் வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. மாடியில் இரத்தம் துடைத்த இடத்தில் கார்பாலிக் நெடி இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அந்தப் புழுக்கம், அந்த வாய் மூச்சு, படிக்கட்டுவரை இறங்கி வந்து முகத்தில் அடித்தது. பலகையில் 921 என்றிருந்தது. காலையில் நடந்த கலவரத்திலும் அதைச் செருகிவிட்டுத்தான் போயிருந்தார், பழக்கம். உண்மையில் வந்தது எழுநூற்றுப் பன்னிரண்டு. அவருக்கு என்ன தோன்றியதோ, மூன்று அட்டைகளையும் உருவிவிட்டு 712 என்று மாற்றினார்.

தலைக்குமேலே புஸ்ஸென்று ஒரு சத்தம்.

இன்னொன்று. பிறகு வரிசையாக. மாடியில் ஒவ்வொரு மெத்தையாக மேலெழும்பிக்கொண்டிருந்தது. ஹாய்ட் பலகையைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, அத்தனையையும் கேட்டார். விரல் தன்னால் எண்ணிக்கொண்டது. இருநூற்றொன்பது. அப்புறம் அமைதி. புழுக்கம் போய்விட்டது. பழைய மெழுகு வாசனை மட்டும் இருந்தது.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதானா! பலகையில் உண்மையைப் போட்டால் போதும். அதில் ஏற்றினால்தான் அவை வருகின்றன. பலகையில் எழுதப்பட்டவர்களுக்கு இடம் வேண்டும். இடம் காலியாக இருக்கிறவரை சும்மா உட்கார்ந்திருக்கின்றன. காலி இல்லையென்றால் இருக்கிற ஆள்மேலே உட்காருகின்றன. அவர் கூட்டினது. அவரே கழித்துவிட்டார்.

"என்ன பிரதர் ஹாய்ட், பலகையில வெளையாட்டு?"

பாஸ்டர் டில்மன் பக்கக் கதவருகே நின்றிருந்தார். கல்லூரியில் கால்பந்து ஆடின உடம்பு. கதவை நிறைத்துக்கொண்டு நின்றார்.

ஹாய்ட் எல்லாவற்றையும் கொட்டினார். ஒன்பது தலையிலிருந்து எல்டன்வரை. முடிந்ததும் பாஸ்டர் சிரித்தார்.

"நீங்க கூட்டிப் போடறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? மேடையில நின்னு பாக்கறவன் நான். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பாஸ்டர், ஒரு ஆள் செத்துட்டான்."

"இதயம். டாக்டரே சொல்லியாச்சு." பாஸ்டர் வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். மெல்லத்தான் பிடித்தார். பிறகு இறுக்கினார். "ரெண்டு வாரத்துல 'பெஞ்சை நிரப்பு' ஞாயிறு. பன்னெண்டு பஸ் விடறேன். நம்ம சபைகளோட மாநாட்டுப் பத்திரிகையில இருந்து ஆள் வர்றான். ஒரே வாரத்துல இருநூறு பேர் ஓடிட்டாங்கன்னு இந்தப் பலகை சொல்லுச்சுன்னா, என் முகத்துல எவன் முழிப்பான்? சொல்லு. எவன் முழிப்பான்?" எலும்போடு எலும்பு நறநறத்தது. ஹாய்ட் முழங்காலில் விழுந்துவிட்டார். அப்போதும் அந்த ஆள் விடவில்லை. "ஊர் முன்னாடி நீ பொய்யன்னு நிக்க ஆசையா இருந்தா நில்லு. உன் சம்சாரம் மூணாவது பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாக்கட்டும்."

கையை விட்டுவிட்டு, அட்டைகளை எடுத்து, 921 என்று தன் கையாலேயே மறுபடி செருகினார்.

மேலே மெத்தைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். "எலி," என்றார். "மருந்து வைக்கச் சொல்லுங்க."

வீட்டில் மோரீன் அந்த வாரம் முழுவதும் தரையில் கால் பாவாமல் நடந்தாள். ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு தலைவர் போட்டிருந்தார்கள். மூன்றாம் பெஞ்சு அவளுடையது. பதினாலு இடம். அதை நிரப்புவது அவள் பொறுப்பு. பொரித்த கோழியைத் தட்டில் போட்டுக்கொண்டே பட்டியலை வாசித்துக் காட்டினாள்.

"பல் டாக்டர் வீட்டு நர்ஸ். சலவைக்கடை மேபல். அவ அக்கா, அக்கா புருஷன். ஏன், ஒரு கத்தோலிக்கனைக்கூட மடக்கிட்டேன், சாப்பாடு உண்டுன்னு சொன்னதும் வர்றேன்னுட்டான்! என்னைச் சேத்துப் பதிமூணு. பதினாலாவது யார் தெரியுமா?"

"யாரு?"

"நீங்கதான். இருபத்திரண்டு வருஷமா பின்னாலயே நின்னுட்டு இருக்கீங்க. அன்னிக்கு எண்ணி முடிச்சதும் எம்பக்கத்துல வந்து உக்காரணும். கைப்பைய வெச்சு இடம் பிடிச்சு வெப்பேன்."

"மோரீன், அந்த ஞாயிறு மட்டும் நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாயேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் பெஞ்சுல ஒண்ணு குறையவா? நல்லா இருக்கே! கைல என்ன கட்டு?"

"கார் கதவுல நசுங்கிடுச்சு."

"எண்ணி எண்ணி மூளை கலங்கிப் போச்சு உங்களுக்கு. தூங்கறப்பகூடக் கட்டைவிரல் ஆடுது. ஜனத்தை எண்ணின ராஜா நாட்டுல கொள்ளைநோய் வந்துச்சுன்னு சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில படிச்சது மறந்துடுச்சா?" என்று சிரித்தாள். "சாப்பிடுங்க. ஆறிப் போவுது."

சொல்லியிருக்கலாம். அந்தச் சமையலறையில், அந்தக் கோழி ஆறுவதற்குள், சொல்லித் தொலைத்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். இருக்கட்டும், பலகையில் உண்மையைப் போட்டுவிடுவோம் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு அவள் ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டாம்.

இடையில் வந்த ஞாயிறு மாடிப்படியில் கயிறு கட்டி, பெயின்ட் வேலை என்று அட்டை தொங்கவிட்டார். யாரும் சாகவில்லை. புதன்கிழமை தச்சன் வந்து பலகையில் நாலாவது எண் அட்டைக்கும் ஒரு இடம் வெட்டிவிட்டுப் போனான். மண்டபத்தில் மொத்தம் ஆயிரத்து இருநூறு இருக்கை. நாலு எண் வேண்டும்தான் என்று ஹாய்ட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெஞ்சை நிரப்பு ஞாயிறு விடிந்ததும் முதல் ஆளாக வந்து, பலகையிலிருந்த எல்லா அட்டைகளையும் உருவினார். மாடியில் மெத்தைகள் எழும்பின. ஏறிப்போய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் சில்லென்று, மேடாக, குழி இல்லாமல் இருந்தன.

பத்து மணிக்கெல்லாம் பஸ் பஸ்ஸாக இறங்கினார்கள். பலூன்கள். வேர்வை. கைக்குழந்தைகளின் பால் நாற்றம், ஷேவ் பண்ணின முகங்களின் தைல வாசனை, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பன்றித்தொடை வேகும் மணம். கீழ்த்தளம் நிறைந்து மாடி நிறைந்தது. ஹாய்ட் மூன்று முறை எண்ணினார். இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு ஒழுங்காக எண்ணினதில்லை. மூன்று முறையும் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒரே ஒரு இடம்தான் காலி. மூன்றாம் பெஞ்சின் நடுப்பாதை ஓரம், மோரீனின் பழுப்புக் கைப்பை உட்கார்ந்திருந்த இடம். தனக்காக ஒரு முறை அழுத்திக்கொண்டார். டிக். ஆயிரத்து இருநூறு. ஒரு பொய் இல்லை. ஒரு தலை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பையனைப்போல அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுப்பாதையில் நடந்தார்.

"பிரதர் ஹாய்ட், அங்கயே நில்லுங்க!"

பாஸ்டர் மேடையிலிருந்து கை காட்டினார். முகமெல்லாம் பல்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த மனுஷன் உக்காரவே இல்ல! இன்னிக்கு இவர் சம்சாரத்துப் பக்கத்துல உக்காரட்டும். எண்ணை நான் போடறேன். என்ன சொல்றீங்க?"

கைதட்டல். பாஸ்டர் பலகைக்கு நடந்தார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு புது அட்டையை எடுத்தார். பெயின்ட் பளபளத்தது.

அதில் இருந்த எண் ஒன்று அல்ல. இரண்டு.

பிறகு சைபர். சைபர். சைபர்.

எக்காளம் ஊதினார்கள். ஆயிரத்து இருநூறு பேர், தங்களை இரண்டாயிரம் என்று சொன்னதற்காக, கை வலிக்கத் தட்டினார்கள். ஹாய்ட் பாதையின் நடுவில் நின்றார். வாய் திறந்திருந்தது. பொய் என்று ஒரு வார்த்தை. பொய், நான்தான் ஆரம்பித்தேன், எல்லாரும் எழுந்திருங்கள், ஓடுங்கள். மோரீன் திரும்பி அவரைப் பார்த்தாள். அவ்வளவு பெருமை அந்த முகத்தில். கண் கலங்கியிருந்தது. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலி மெத்தையைத் தட்டிக் காட்டினாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு நொடிதான்.

மாடியின் கடைசி வரிசையில் ஒருவன் கத்தினான்.

பக்கத்தில் ஒருத்தி. அப்புறம் ஒரு வரிசை முழுக்க. தலைகள் பின்னால் வெட்டி வெட்டி இழுத்தன, கைகள் காற்றில் அடித்தன. பாஸ்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"ஆவியானவர் இறங்கறார்! தடுக்காதீங்க! இறங்கட்டும்!"

"ஆமென்!" என்று கீழே சத்தம் போட்டார்கள். மாடியில் எலும்பு முறியும் ஓசையை அந்த ஆமென் மூடிக்கொண்டது. ஒரு குழந்தையின் வீறிடல் பாதியில் நின்றது. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் இரத்தம் கோடாக வந்து, சொட்டி, பிறகு ஒழுகத் தொடங்கியது. கீழே கடைசிப் பெஞ்சில் இருந்தவர்களின் வெள்ளைத் தொப்பிகளில் விழுந்தது. அவர்கள் அண்ணாந்தார்கள். அண்ணாந்த கழுத்து அப்படியே இறங்கியது.

யாரும் எழவில்லை. எழ முடியவில்லை. ஒவ்வொரு மடியிலும் பாரம். லமார் ப்ரூயிட் வாசல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். எதுவோ தோளைப் பிடித்து அழுத்தியது. முழங்கால் இரண்டும் எதிர்ப்பக்கம் மடங்கின. பின்னாலிருந்து முன்னால். பெஞ்சு பெஞ்சாக. விலா நொறுங்கும் சத்தம் ஒழுங்காக வந்தது. ஹாய்ட்டின் கட்டைவிரல் அதோடு சேர்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. டிக். டிக். டிக். பாஸ்டர் இப்போது கத்தவில்லை. வாய் கோணப் பின்னால் நகர்ந்தார். உயர்ந்த முதுகு வைத்த தன் நாற்காலியில் இடறி விழுந்தார். அந்தப் பெரிய உடம்பு ஒரு முறை துள்ளியது. வயிறு கிழிந்து கோட்டுப் பொத்தான்கள் மேடைமேல் தெறித்தன.

பத்தாவது பெஞ்சு. எட்டு.

"மோரீன்! எந்திரி! எந்திரிடி!"

ஓடினார். இரத்தத்தில் சறுக்கினார். எழுந்தார்.

ஆறு. ஐந்து.

மோரீன் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. "என்னங்க சத்தம் அது? மொதல்ல உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

நாலு.

"பொய்ம்மா! எல்லாம் பொய்! நான் போட்ட பொய்!"

அவள் காதில் விழுந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெருமை முகத்திலிருந்து வடிவதைப் பார்த்தார். அவள் ஏதோ கேட்க வாய் திறந்தாள். தோள்கள் ஒரு சாண் இறங்கின. கேள்வி வரவில்லை. இரத்தம் வந்தது. அவர் பிடித்திருந்த கை தளர்ந்து, பிறகு மறுபடி இறுகியது. அவளுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

சத்தம் நின்றது.

மண்டபம் நிறைந்திருந்தது. எல்லாரும் நேராக, ஒழுங்காக, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வாய் மூச்சின் புழுக்கம். பாதையில் இரத்தம் பீடத்தை நோக்கி மெல்லச் சரிந்து ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் அமுக்காமல் விட்டவர்கள் அங்கங்கே உயிரோடு இருந்தார்கள். இரண்டு பக்கமும் நெருங்கின தோள்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தார்கள். வாசல் கதவு பின்னால் விரியத் திறந்திருந்தது. வெளியே அக்டோபர் வெயில். ஒரு பலூன் கம்பியில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது. ஓடலாம். நாற்பது அடி.

பலகையில் 2000. கையில் எண்ணி. பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். பார்த்தார்.

2000.

காலையிலேயே தன்னை எண்ணிவிட்டிருந்தது நினைவுக்கு வந்தது.

தலைகள் திரும்பின. மாடியில், கீழே, பாடகர் வரிசையில். நசுங்கின முகங்களும், அவற்றின்மேல் காற்றில் அமுங்கித் தெரிந்த முகமில்லாத முகங்களும், எல்லாம் சேர்ந்து அவரைப் பார்த்தன. நின்றுகொண்டிருந்த ஒரே ஆளை.

மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் ஒரு மெத்தை மட்டும் மேடாக, குழி விழாமல், ஒரு சொட்டு இரத்தம் படாமல் இருந்தது. மோரீனின் தலை மார்பில் சாய்ந்திருந்தது. அவளுடைய வலது கை மட்டும், அதற்குள் வேறு ஒரு கை நுழைந்து விரல்களைத் தடிக்கப் பண்ணியிருக்க, மடியிலிருந்து மெதுவாக எழுந்து, அந்தச் சிவப்பு வெல்வெட்டைத் தட்டியது.

மறுபடி தட்டியது.

வா என்று.